அம்மாவின் அறையில் லெந்து நாட்கள்

2025 மார்ச் 5, சாம்பல் புதன்

ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக்காலமான லெந்து இன்று தொடங்குகிறது. பக்கவாதம் வந்து படுக்கையில் இருக்கும் அம்மாவை விட்டு ஆராதனைக்குப் போக முடியவில்லை. முடிந்த கையோடு போதகர் வீட்டுக்கு வந்துவிட்டார். அம்மாவின் இடது கையைப் பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அம்மாவுக்கு அவரை அடையாளம் தெரிந்தது. இன்று கண்ணில் நல்ல தெளிவு.

கிளம்பும்போது, "திருவிருந்து என்றைக்குக் கொண்டுவரட்டும்மா?" என்று கேட்டார். ஆராதனையில் கிறிஸ்துவின் நினைவாகப் பெறும் அப்பமும் திராட்சரசமும்தான் அது. நான் மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் ரைல்ஸ் டியூபைக் காட்டினேன். அவர் அப்படியே நின்றுவிட்டார். "விசாரித்துச் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு இதுவரை அது தோன்றவே இல்லை. மருந்து, உணவு, தண்ணீர் எல்லாம் குழாய் வழியாகத்தான் போகிறது. இதை எந்த வழியாகக் கொடுப்பது?

மார்ச் 6

படுக்கைப்புண் வராமலிருக்கப் போட்ட ஏர் பெட்டின் மோட்டார் நின்றுவிட்டது. தூக்கம் இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

ஆராதனை முடிந்து வரிசையாக வந்தார்கள். மூப்பர், ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள், வாலிபர் சங்கத்துப் பையன்கள். எல்லாரும் அன்பானவர்கள். எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: "எதுவானாலும் கூச்சப்படாமல் சொல்லு." நான் தலையாட்டினேன். எதைச் சொல்வது, யாரிடம் சொல்வது? ராத்திரி ஒரு மணிக்குப் புரட்டிப் படுக்கவைக்க ஆள் வேண்டும் என்று யாரைக் கூப்பிட்டுச் சொல்ல?

கடைசியாக வந்தவர், அறிக்கை செய்யாத பாவம் ஏதோ ஒன்று இந்த வீட்டில் இருக்கலாம், ஆராய்ந்து பார் என்றார். அம்மாவின் தலைமாட்டில் நின்றுகொண்டு சொன்னார். அம்மாவால் பேச முடியாதுதான், ஆனால் காது நன்றாகக் கேட்கிறது!

யோவான் ஒன்பதாம் அதிகாரத்தில் பிறவிக் குருடனைப் பார்த்து இதே கேள்வியைத்தான் சீஷர்கள் கேட்டார்கள். இவன் செய்த பாவமுமல்ல, பெற்றோர் செய்த பாவமுமல்ல என்று இயேசு அங்கேயே முடித்துவைத்தார். இரண்டாயிரம் வருடமாகியும் நோயாளியின் கட்டிலருகே அது எப்படித் திரும்பத் திரும்ப வருகிறது? எல்லாவற்றையும் இழந்து நோயில் விழுந்த யோபுவின் நண்பர்கள்கூட முதல் ஏழு நாள் ஒரு வார்த்தை பேசாமல் தரையில் அவரோடு உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஏழு நாளும் அவர்கள் நல்ல நண்பர்கள்.

அவர் போனதும் அம்மாவின் வாயை ஈரத்துணியால் துடைத்தேன். என் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. அம்மா என்னைப் பார்த்தபடியே இருந்தார்.

மார்ச் 13, வியாழன்

பாடகர் குழுவில் ஆல்ட்டோ பாடும் அக்கா மதியம் வந்தார். உட்காரக்கூட இல்லை. "ஒவ்வொரு வியாழனும் இரண்டு மணிக்கு வருவேன், ஐந்து மணிவரை இருப்பேன். என்ன செய்யணும்னு ஒரு தாளில் எழுதிக் கொடு. நீ போய்ப் படு" என்றார்.

எழுதிக் கொடுத்தேன். மூன்று மணிக்கு மருந்து, டியூபில் போட்டதும் தண்ணீர் விட்டுக் கழுவணும். தலைமாடு உயர்ந்தே இருக்கணும், உணவு போன பிறகு அரைமணி நேரமாவது இறக்கக் கூடாது. நான்கு மணிக்கு இடது பக்கமாகத் திருப்பணும். வாய்க்குள் பஞ்சால் துடைக்கணும், வாயால் சாப்பிடாவிட்டாலும் அது கட்டாயம்.

அக்கா தாளைச் சுவரில் ஒட்டினார். நான் தூங்கினேன், உண்மையாகவே தூங்கினேன்.

மார்ச் 14

ஸ்பீச் தெரபிஸ்ட் வந்தார். பேச்சுக்கு மட்டும்தான் இவர்கள் என்று நினைத்திருந்தேன், விழுங்குவதையும் இவர்கள்தான் பார்க்கிறார்கள். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆரம்பத்தில் விழுங்குவதில் சிக்கல் இருக்குமாம். பலருக்குச் சில வாரங்களில் சரியாகிவிடும், சிலருக்கு ஆகாது.

தண்ணீர்தான் இருப்பதிலேயே ஆபத்து என்றார். வேகமாக ஓடுவதால், தொண்டை மூடிக்கொள்வதற்குள் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். புரை ஏறி இருமினால் நல்லது, இருமல் தள்ளிவிடும். சிலருக்கு இருமலே வராது, சத்தமில்லாமல் நுரையீரலுக்குப் போய்விடும். பிறகு காய்ச்சல், நிமோனியா. குரல் களகளவென்று ஈரமாகக் கேட்கிறதா என்று கவனிக்கச் சொன்னார்.

திருவிருந்தைப் பற்றிக் கேட்டேன். அது என்னவென்று விவரமாகக் கேட்டுக்கொண்டார். எவ்வளவு அளவு, அப்பம் உதிருமா, திராட்சரசம் தண்ணியாக இருக்குமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். "இப்போது எதையும் விழுங்க வேண்டாம். உதட்டை மட்டும் நனைக்கலாம், நிமிர்ந்து உட்கார்ந்திருந்தால்" என்றார். அவர் வேறு மதத்தவர். இந்த விஷயத்தை அவ்வளவு பொறுப்பாக எடுத்துக்கொண்டதற்கு அவருக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை.

மார்ச் 18

தம்பி போன் செய்தான். நர்ஸ் வைத்துக்கொள், பணம் அனுப்புகிறேன் என்கிறான். அவன் எப்போது வருகிறான் என்று நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

மார்ச் 20, வியாழன்

அக்கா சரியாக இரண்டு மணிக்கு வந்தார். கையில் ஒரு துணிப்பை. உள்ளே திருவிருந்து மேஜைத் துணிகள், துவைத்துக் காயவைத்து அப்படியே சுருட்டி எடுத்து வந்திருக்கிறார்.

எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்தத் துணிகள் அம்மாவின் பொறுப்பு. பாத்திரத்தைத் துடைக்கும் சிறிய துணியும், பாத்திரங்களுக்கு அடியில் விரிக்கும் சதுரத் துணியும் தனித்தனியாக ஊறும். மடிப்பதிலும் ஒரு ஒழுங்கு உண்டு. சதுரத் துணியை மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு, கீழிருந்து ஒரு பங்கு, பிறகு பக்கவாட்டில் அதே போல. பிரித்தால் கோடுகள் விழுந்து ஒன்பது கட்டமாகத் தெரியும். அப்பத் துகள் எதுவும் சிந்திவிடாமல் உள்பக்கமாகவே மடிய வேண்டும் என்பார்.

அக்கா ஒரு துணியை அம்மாவின் மடியில் தலையணைமேல் விரித்தார். கொஞ்சநேரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் இடது கை நகர்ந்தது. கீழ் விளிம்பைப் பிடித்து மேலே இழுத்தது. வலது பக்கத்தை அக்கா பிடித்துக்கொண்டார். கோணலாக வந்ததும் அம்மா அதைப் பிரித்துவிட்டு மறுபடி மடித்தார். கோணல் என்று அவருக்குத் தெரிகிறது!

சபை அம்மாவுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறது. இத்தனை நாளில் வந்தவர்கள் எல்லாரும் அம்மாவுக்காக ஜெபித்தார்கள். அம்மாவிடம் எதையும் கேட்டு வந்தவர் இந்த அக்கா ஒருவர்தான்.

மார்ச் 23, ஞாயிறு

அக்காவின் மகள் அம்மாவோடு இருந்ததால் இன்று ஆலயத்துக்குப் போனேன். வேண்டுதல் ஜெபத்தில் நோயாளிகள் பெயரை வாசித்தார்கள். அம்மாவின் பெயர் முதலில். புதிதாக விழுந்தவர்கள் மேலே இருப்பார்கள்போல.

கடைசி பெஞ்சில் வேறொரு அம்மா. அவர் கணவருக்குப் பார்க்கின்சன்ஸ் என்னும் நடுக்குவாதம், பல வருடமாகப் படுக்கையில். அந்தக் கணவர் பெயர் பட்டியலில் இல்லை. எப்போது எடுத்தார்கள்? யாரும் வேண்டுமென்று எடுத்திருக்க மாட்டார்கள். குணமானவர் பெயரை எடுப்பார்கள், இறந்தவர் பெயரை எடுப்பார்கள். அப்படியே கிடப்பவரின் பெயர், தாள் மாறும்போது விட்டுப்போகிறது.

இறங்கினால் குணமாகும் என்று நம்பிய பெதஸ்தா குளத்தருகே, 38 வருடம் நோயில் கிடந்தவன் இயேசுவிடம் சொன்னது, என்னைக் குளத்தில் இறக்கிவிட ஒருவரும் இல்லை என்பதுதான். 38 வருடம் என்றால் ஆரம்பத்தில் யாரோ இருந்திருப்பார்கள்.

மார்ச் 26

சளி அதிகம்.

மார்ச் 29

லெந்து வேதபாடத்தை இன்று எங்கள் வீட்டில் வைத்தார்கள், நான் வெளியே போக முடியாதென்பதால். அம்மாவின் அறைக் கதவைத் திறந்தே வைத்தோம்.

அப்போஸ்தலர் ஆறாம் அதிகாரம். ஆதிச் சபையில் பந்தி விசாரிப்பில், அதாவது அன்றாட உணவுப் பங்கீட்டில், கிரேக்கம் பேசிய விதவைகள் விடுபட்டுப்போனார்கள், முறுமுறுப்பு எழுந்தது, ஏழு பேரைத் தெரிந்தெடுத்தார்கள். போதகர் ஒன்றைச் சுட்டிக்காட்டினார்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா, ஏழுமே கிரேக்கப் பெயர்கள். குறைசொன்ன பக்கத்திலிருந்தே ஆட்களை எடுத்து, அவர்கள் கையில் பொறுப்பைக் கொடுத்திருக்கிறார்கள்போலத் தெரிகிறது.

அது மனதில் தைத்துவிட்டது. நோயாளிகளை வீட்டில் போய்ப் பார்க்கும் சந்திப்புக் குழுவில் இப்போது இருப்பவர்கள் எல்லாரும் நல்லவர்கள், ஆரோக்கியமானவர்கள். வீட்டில் படுக்கையாளியை வைத்திருக்கும் ஒருவர்கூட அதில் இல்லை. எந்த நேரம் ஆள் வேண்டும் என்பது எங்களுக்குத்தானே தெரியும்? கூட்டம் முடிவதற்குள் சொல்லிவிட்டேன். "அப்படியானால் எந்த வீட்டுக்கு யார், எப்போது என்ற பட்டியலை நீயே எழுது" என்றார் செயலர். சிலர் சிரித்தார்கள். நான் சரி என்றேன்.

இதெல்லாம் புதிதாக நாம் கண்டுபிடித்ததும் இல்லை. ரோமில் 155ஆம் ஆண்டுவாக்கில் யுஸ்தின் என்ற கிறிஸ்தவ ஆசிரியர் எழுதி வைத்திருக்கிறார்: ஞாயிறு ஆராதனைக்கு வர முடியாதவர்களுக்கு உதவிக்காரர்கள் அப்பத்தையும் ரசத்தையும் எடுத்துப்போவார்கள், காணிக்கை அநாதைகளுக்கும் விதவைகளுக்கும் நோயாளிகளுக்கும் சிறையிலிருப்பவர்களுக்கும் போகும். 251இல் ரோம் சபை 1500க்கும் மேற்பட்ட விதவைகளையும் ஏழைகளையும் தாங்கியது என்று அங்கே ஆயராயிருந்த கொர்நேலியு எழுதியிருக்கிறார். போதகர் இவற்றைச் சொன்னபோது என் மனம் எண்களில் நிற்கவில்லை. அந்த 1500 பேரின் பெயரை யாரோ எழுதி, விட்டுப்போகாமல் பார்த்திருக்கிறார்கள்.

ஏப்ரல் 2

காய்ச்சல் 101. குரலில் ஈரம். ஆண்டவரே, வேண்டாம்.

ஏப்ரல் 3

மருத்துவமனை. எக்ஸ்ரேயில் வலது நுரையீரல் அடிப்பகுதி மங்கலாக இருக்கிறது. ஆன்டிபயாடிக் ஏறுகிறது. வியாழன் என்பதால் அக்கா வீட்டுக்குப் போய்ப் பார்த்து, பூட்டியிருக்க, இங்கே வந்து சேர்ந்தார். வார்டில் இரண்டு பேரை விடவில்லை. "நீ போய்ச் சாப்பிடு" என்று என்னை வெளியே அனுப்பிவிட்டு உள்ளே போனார்.

ஏப்ரல் 9

வீடு. காய்ச்சல் இல்லை. நன்றி.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

பவனி எங்கள் தெரு வழியாக வந்தது. அம்மா தூங்கிக்கொண்டிருந்தார், எழுப்பவில்லை.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

மாலை போதகர் வந்தார். அக்கா இரண்டு மணியிலிருந்தே இருந்தார். அம்மாவை நிமிர்த்தி, முதுகுக்கு இரண்டு தலையணை வைத்து உட்காரவைத்தோம். துடைத்த சிறு மேஜை, அம்மா மடித்த துணி. ஒரு பக்கம் கோணல்தான், மாற்ற வேண்டாம் என்றேன்.

போதகர் இங்கிலாந்துத் திருச்சபையின் 1662ஆம் ஆண்டு ஜெபப் புத்தகத்தில் நோயாளிகளுக்கான திருவிருந்துப் பகுதியின் குறிப்பைத் தமிழில் விளக்கினார். நோயின் கடுமையால் ஒருவர் வாயால் பெற முடியாமல் போனாலும், மெய்யாக மனந்திரும்பி, கிறிஸ்து தனக்காக மரித்ததை உறுதியாக விசுவாசித்து நன்றி செலுத்தினால், அவர் கிறிஸ்துவின் சரீரத்தையும் இரத்தத்தையும் உண்டு பருகுகிறார், அது அவர் ஆத்துமாவுக்குப் பயன்படும் என்கிறது அது. அதை எழுதியவர்கள் இப்படிப்பட்ட அறைகளைப் பார்த்திருக்க வேண்டும். போதகர் அம்மாவின் முகத்தைப் பார்த்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். வழக்கமாக இப்படிச் சொல்லும்போது எங்களைப் பார்த்துத்தான் எல்லாரும் பேசுவார்கள்.

அப்பத்தை நானும் அக்காவும் வாங்கினோம். போதகர் கையைக் கழுவி, விரல் நுனியை ரசத்தில் தொட்டு, அம்மாவின் கீழுதட்டில் வைத்தார். ஒரு பொட்டு அளவுதான். நாக்கு நுனி வெளியே வந்து தொட்டது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு காதைக் கொடுத்தேன். இருமல் இல்லை. குரலில் ஈரமும் இல்லை, "ம்" என்று ஒன்று சொன்னார், வறண்ட "ம்".

அப்புறம் எதிர்பார்க்காத ஒன்று. போதகர் பாத்திரத்தைக் கீழே வைத்ததும் அம்மாவின் இடது கை துணிக்காக நீண்டது. அக்கா எடுத்துக் கொடுத்தார். பாத்திரத்தை நான் பிடித்துக்கொள்ள, விளிம்பைச் சுற்றி அம்மா துடைத்தார். அவசரமே இல்லை.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

அதிகாலை ஆராதனைப் பாட்டை போனில் போட்டுக் கேட்டோம். உயிர்த்தெழுந்தார்!

தம்பி வீடியோவில் அழுதான். மே மாதம் வருகிறானாம்.

ஏப்ரல் 22

பட்டியல் முக்கால்வாசி முடிந்தது. பெயருக்கு எதிரே கிழமையும் நேரமும் மட்டும், "எப்போது வேண்டுமானாலும்" என்று எழுத வந்தவர்களிடம் ஒரு கிழமை சொல்லுங்கள் என்று கேட்டு வாங்கினேன்.

கடைசி பெஞ்ச் அம்மா வீட்டுக்கு வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு இரண்டு பேர் வருவார்கள் என்று போனில் சொன்னேன். "வேண்டாம்மா. எங்களுக்குப் பழகிப்போச்சு. இப்ப புது ஆள் வந்தா அவருக்குப் பயம் வந்துடும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பழகிப்போச்சு என்று ஒரு மனுஷி சொல்லும்வரை எத்தனை பேர் அந்த வாசலைக் கடந்து ஆராதனைக்குப் போய்வந்தோம்.

அந்த வெள்ளிக்கிழமைக் கட்டத்தை வேறு யாருக்கும் கொடுக்க மனமில்லை.

ஏப்ரல் 24, வியாழன்

எக்ஸ்ரே பார்த்துக்கொண்டே விழுங்கவைக்கும் சோதனை நாளை இருந்தது, திங்களுக்குத் தள்ளிவிட்டார்கள். அதுவரை எல்லாம் டியூபில்தான்.

அக்காவிடம் வெள்ளிக்கிழமை விஷயத்தைச் சொன்னேன். "உள்ளே போக வேண்டாம், அந்த அம்மாவோடு திண்ணையில் உட்கார்ந்துட்டு வர்றேன், நாளைக்கே" என்றார். சனி ராத்திரிக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை. வாலிபர் சங்கச் செயலரிடம் கேட்க வேண்டும், ஒன்பது மணிக்கு மேல்தான் போன் எடுப்பான்.