நான் கேட்காமல் விட்ட கேள்வி

என் மகள் பிறந்தபோது அவள் எடை 2 கிலோ 900 கிராம். மூன்றாம் நாள் தராசில் வைத்தபோது 2 கிலோ 680. பிறந்த குழந்தைகள் முதல் சில நாட்களில் எடை குறைவது வழக்கம்தான். 7 சதவீதம் அளவுக்குக் குறைந்தால் யாரும் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. 10 சதவீதத்தை நெருங்கினால் பால் சரியாகக் குடிக்கிறதா என்று உட்கார்ந்து கவனிப்போம். இரண்டு வாரத்துக்குள் பெரும்பாலான குழந்தைகள் பிறந்த எடைக்குத் திரும்பிவிடும். பச்சிளங்குழந்தைகள் பிரிவில் செவிலியராக இருந்த 11 ஆண்டுகளில் இதை எத்தனை அம்மாக்களிடம் சொல்லியிருப்பேன் என்பதற்குக் கணக்கே இல்லை. அன்று அந்த எண்ணைப் பார்த்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு அழுதேன்.

நான் அதுவரை சொன்னதெல்லாம் சரிதான். இன்றைக்கும் அதையேதான் சொல்கிறேன். ஆனால் அதைக் கட்டிலருகே நின்று சொல்வதற்கும், கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்பதற்கும் நடுவில் இவ்வளவு தூரம் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். வார்டில் பழகிய கை சும்மா இருக்கவில்லை. எத்தனை மணிக்குப் பால் கொடுத்தேன், எந்தப் பக்கம், எத்தனை நிமிடம், சிறுநீர் எத்தனை தடவை, மலம் என்ன நிறம். ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை பால் குடிக்க வேண்டும். ஐந்தாறு நாட்களுக்குப் பிறகு குறைந்தது ஆறு தடவையாவது சிறுநீர் போக வேண்டும். எல்லாம் எழுதினேன். இரவு இரண்டரை மணிக்கு ஒரு கையில் குழந்தையும் மறு கையில் பேனாவுமாக உட்கார்ந்து எழுதியது நினைவிருக்கிறது. எண்கள் சரியாக இருந்தால் நானும் சரியாக இருக்கிறேன் என்று நம்பினேன்.

மூன்றாவது வாரம் என் கணவர் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தார். நிதானமாக, ஒவ்வொரு பக்கமாக. அப்புறம் கேட்டார்: "எல்லாம் இருக்கு. இதுல நீ எங்க இருக்க?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அன்று நான் பல் தேய்த்தேனா என்பதுகூட ஞாபகம் இல்லை. அந்தக் கேள்வி பிறகு பல மாதங்கள் என்னோடு இருந்தது. வீட்டில் மட்டும் இல்லை. வேலையில்தான் அது என்னை இன்னும் அதிகமாகத் துரத்தியது. வார்டில் நாங்கள் வைத்திருக்கும் சார்ட்டிலும் எல்லாம் இருக்கும். குழந்தையின் நாடித்துடிப்பு, மூச்சு, ஆக்சிஜன் அளவு, உடல் வெப்பம், எத்தனை மில்லி பால் உள்ளே போனது, எத்தனை மில்லி வெளியே வந்தது. அம்மாவுக்கு அதில் ஒரு கட்டம்கூடக் கிடையாது. 11 ஆண்டுகள் அந்தத் தாளை நிரப்பியவள் நான். அப்படி ஒரு கட்டம் இல்லை என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை.

பிரசவம் முடிந்த முதல் வாரத்தில் காரணமில்லாமல் அழுகை வரும், இரண்டு வாரத்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும் என்று படித்திருக்கிறேன். எனக்கு அடங்கவில்லை. ஏழாவது வாரம், பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வைக் கண்டறிய நாங்கள் அம்மாக்களுக்குக் கொடுக்கும் எடின்பரோ கேள்வித்தாளை எனக்கு நானே எடுத்து வைத்துக்கொண்டேன். 1987-ல் வெளியான அதில் பத்தே கேள்விகள். முன்பெல்லாம் அதைப் பேனாவோடு கையில் கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவேன். ஐந்து நிமிட வேலை. அன்று முதல் கேள்வியிலேயே நின்றுவிட்டேன். கடந்த ஏழு நாட்களில் உங்களால் சிரிக்க முடிந்ததா என்று கேட்கிறது அது. அதற்கு நான் எடுத்துக்கொண்ட நேரமே எனக்கு விஷயத்தைச் சொல்லிவிட்டது. மறுநாள் மருத்துவரிடம் போனேன். பேச்சு சிகிச்சையும், தொடர்ச்சியாகச் சில மணி நேரத் தூக்கமும், வீட்டார் வேலையைப் பங்கிட்டுக்கொண்டதும் சேர்ந்து என்னை மெல்ல மேலே இழுத்தன. இதைச் சொல்லாமல் தாய்மையின் ஆனந்தத்தை மட்டும் எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆனந்தம் இருந்தது. அவள் குளித்துவிட்டு என் கழுத்தில் முகம் புதைக்கும் அந்த ஒரு கணத்தின் சூட்டுக்கு ஈடாக எதையும் சொல்ல முடியாது. இரண்டும் ஒரே வீட்டில், ஒரே நாளில் இருந்தன.

டானா ரஃபேல் என்ற மானுடவியலாளர் 1973-ல், ஒரு பெண் தாயாக மாறும் இந்தக் காலத்துக்கு ஒரு சொல்லை உருவாக்கினார். தமிழில் தாயாதல் என்று சொல்லலாம். பருவமடைவது போல இதுவும் ஒரு மாறும் காலம் என்பது அதன் உட்பொருள். பதின்பருவத்துப் பிள்ளைக்கு நாம் ஆண்டுக்கணக்கில் பொறுமை காட்டுகிறோம், கோபப்பட்டால் வயசு அப்படி என்கிறோம். தாயானவளுக்கோ பிரசவ அறையின் கதவுக்கும் வார்டு கட்டிலுக்கும் இடையே உள்ள நேரம்தான். முதல் குழந்தை பெற்றவர்களின் மூளையில் கர்ப்பத்தால் ஏற்படும் மாற்றங்கள் இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகும் இருப்பதாக 2016-ல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. படித்தபோது எனக்கு ஆறுதலாக இருந்தது. பழைய ஆள் எங்கே போனாள் என்று தேடிக்கொண்டிருந்தவளுக்கு, தேட வேண்டாம் என்று யாரோ சொன்னது போல.

அந்த நாட்களில்தான் என் அம்மாவிடம் ஒரு நாள் கேட்டேன்: "நான் பிறந்தப்போ உனக்கு எப்படிம்மா இருந்துச்சு?"

அம்மா மடித்துக்கொண்டிருந்த துணியை மடியில் வைத்துவிட்டாள். "யாரும் கேக்கல. நானும் சொல்லல" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "நிமிஷத்துக்கு அறுபது வார்த்தை அடிப்பேன், தெரியுமா?" என்றாள். அம்மா தட்டச்சராக இருந்தாள் என்பது எனக்குத் தெரியும். என் தம்பி பிறந்த பிறகு விட்டுவிட்டாள் என்பதும் தெரியும். அவளுடைய வேகம் மட்டும் தெரியாது. இத்தனை வருடங்கள் கழித்தும் அந்த எண்ணை அவள் மறக்கவில்லை. சொல்லும்போது அவள் விரல்கள் முழங்காலில் இருந்த துணியின் மேல் லேசாக அசைந்தன. நான் வேலைக்குத் திரும்பும்போது குழந்தையைத் தான் பார்த்துக்கொள்வதாக அம்மா சொன்னது அதே வாரத்தில்தான். "நீ விடாத" என்று மட்டும் சொன்னாள்.

ஆறாவது மாதம் முடிந்து வேலைக்குப் போனேன். முதல் நாள் நடந்தது என் உடம்புக்குள் இன்னும் இருக்கிறது. மூன்றாவது தொட்டிலில் இருந்த குழந்தை பசியில் அழ ஆரம்பித்தது. அழுகை காதில் விழுந்த சில நொடிகளில் எனக்குப் பால் இறங்கிவிட்டது, சீருடை நனைந்துவிட்டது. குழந்தையின் அழுகை கேட்டால் ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் சுரந்து பால் இறங்கும் என்பதைப் பாடமாகவே நடத்தியிருக்கிறேன். அது என் குழந்தையாக இருக்க வேண்டும் என்ற அவசியம்கூட உடம்புக்கு இல்லை. 11 ஆண்டுகளாகத் தினமும் கேட்ட அதே அழுகை. முன்பு அது என் காதுக்கு வந்த தகவல். பசிக்கிறதா, வலிக்கிறதா, ஈரமா என்று பிரித்துப் பார்ப்பேன். இப்போதும் பிரித்துப் பார்க்கிறேன், ஆனால் அதற்கு முன்னால் உடம்பு ஒரு பதில் சொல்லிவிடுகிறது. மேல்கோட்டை மாட்டிக்கொண்டு அந்தக் குழந்தைக்குப் பால் கொடுத்தேன். கை நடுங்கவில்லை. அது எனக்கு நிம்மதியாக இருந்தது.

பால் எடுப்பதற்கு இடம் இல்லை. நாங்கள் அம்மாக்களுக்குத் தாய்ப்பாலின் அருமையை எடுத்துச் சொல்லும் இடம் அது. அங்கேயே ஊழியர்களுக்கு ஓர் அறை கிடையாது. துணி அடுக்கும் அறையில், கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்றபடி பம்ப் வைத்து எடுத்தேன். மார்பில் பால் தேங்கினால் இனி இவ்வளவு தேவையில்லை என்று உடம்பு சுரப்பைக் குறைத்துக்கொள்ளும், அதனால் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது எடுத்தாக வேண்டும். எடுத்த பால் சாதாரண அறை வெப்பத்தில் நான்கு மணி நேரமும், ஃப்ரிட்ஜில் நான்கு நாட்களும் தாங்கும். 1919-ல், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் முதல் மாநாட்டிலேயே, பாலூட்டும் தாய்க்கு வேலை நேரத்தில் தினமும் இரண்டு தடவை அரை மணி நேரம் தர வேண்டும் என்று ஒப்பந்தம் போட்டார்கள். நூறாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. நானும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து மேற்பார்வையாளரிடம் எழுதிக் கொடுத்தோம். நான்கு மாதம் ஆனது. உள்ளே தாழ்ப்பாளும் ஒரு நாற்காலியும் உள்ள சின்ன அறை கிடைத்தது. எனக்குப் பின்னால் வருகிறவர்கள் நின்றுகொண்டு பால் எடுக்க வேண்டாம்.

வீட்டில் மகள் பகலில் பாட்டி கொடுக்கும் பாலைக் கொஞ்சமாகக் குடித்துவிட்டு, மிச்சத்தை இரவில் என்னிடம் வாங்கிக்கொள்ள ஆரம்பித்தாள். வேலைக்குப் போகும் அம்மாக்களின் குழந்தைகள் பல இப்படிச் செய்யும். தூக்கம் போனது. இருந்தாலும் அந்த இரவுகளை நான் வெறுக்கவில்லை. இருட்டில், யாரும் எதுவும் கேட்காத நேரத்தில், நாங்கள் இருவரும் மட்டும்.

திரும்பி வந்த மூன்றாவது வாரம் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். மிகச் சின்னக் குழந்தை ஒன்றுக்கு வயிற்றுக்குப் பால் செலுத்தும் குழாய் போட வேண்டியிருந்தது. மூக்கிலிருந்து காது, காதிலிருந்து வயிறு என்று அளந்து, அடையாளம் வைத்து, ஒரே தடவையில், குழந்தையின் முகம் சுளிக்கும் முன்பே போட்டு முடித்தேன். கை எதையும் மறக்கவில்லை. அதோடு மற்ற வேலைகளையும் முடித்து நிமிர்ந்து மணியைப் பார்த்தால் இரண்டு மணி நேரம் ஓடியிருந்தது. அந்த இரண்டு மணி நேரத்தில் நான் என் மகளை ஒரு தடவைகூட நினைக்கவில்லை. முதலில் சந்தோஷம் வந்தது, உடனே பின்னாலேயே குற்ற உணர்ச்சி வந்தது. இன்று வரை யோசித்துப் பார்த்ததில் எனக்கு அந்தச் சந்தோஷத்தின் மேல்தான் நம்பிக்கை. அது அவளிடமிருந்து எடுத்தது இல்லை. அறுபது வார்த்தைகளைச் சொன்னபோது என் அம்மாவின் விரல்களில் நான் பார்த்ததும் இதுதான்.

எனக்கு இந்த வேலையின் மேல் இருக்கும் காதலுக்கு ஒரு பழைய கதையும் காரணம். 1950-களில் இங்கிலாந்தின் ரோச்ஃபோர்டு மருத்துவமனையில் ஜீன் வார்டு என்ற செவிலியர் குறைமாதக் குழந்தைகளை வெயிலில் சிறிது நேரம் வைத்திருப்பார். ஒரு குழந்தையின் உடம்பில் வெயில் பட்ட இடத்தில் மஞ்சள் வெளுத்திருப்பதையும், துணி மூடியிருந்த இடம் மட்டும் மஞ்சளாகவே இருப்பதையும் அவர் மருத்துவர்களிடம் காட்டினார். இன்று மஞ்சள் காமாலை வந்த பச்சிளங்குழந்தைகளை நாங்கள் நீல விளக்கின் கீழ் வைப்பதற்கு ஆரம்பம் அதுதான். துணியை விலக்கிப் பார்த்த ஒரு கண். படிக்கும் காலத்திலிருந்தே இந்தக் கதை எனக்குப் பிடிக்கும். அதே வேலையில் இருந்துகொண்டு, தொட்டிலின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவர்களை நான் பார்க்கவில்லை என்பது இப்போது உறுத்துகிறது.

சென்ற ஆண்டு, 31 வாரத்தில் பிறந்த ஓர் ஆண் குழந்தை எங்கள் பிரிவில் இருந்தான். எடை 1 கிலோ 400. அவன் அம்மா தினமும் காலையில் வந்து இன்குபேட்டரின் பக்கத்தில் முதுகை வளைக்காமல் உட்கார்ந்திருப்பார். முன்பென்றால் கை கழுவினீர்களா என்று மட்டும் கேட்டிருப்பேன். அன்று, "நீங்க கடைசியா எப்போ தூங்கினீங்க?" என்று கேட்டேன்.

அவர் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார், விட்டுவிட்டார். பிறகு சொன்னார்: "குழந்தை தூங்கறப்போ தூங்குன்னு எல்லாரும் சொல்றாங்க சிஸ்டர். அவன் இங்க இருக்கான். அவன் எப்போ தூங்கறான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அந்த அறிவுரையை நானும் நூறு தடவை கொடுத்திருக்கிறேன்.

மருத்துவரிடம் பேசினேன். குழந்தையின் நிலை சீராக இருந்ததால் கங்காரு பராமரிப்பைத் தொடங்கலாம் என்றார். 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர்கள் போதாத நிலையில், எட்கர் ரே என்ற மருத்துவர் தொடங்கிய முறை அது. டயப்பர் மட்டும் போட்ட குழந்தையைத் தாயின் வெற்று மார்பில் நிமிர்த்தி வைத்து, துணியால் சேர்த்துக் கட்டிவிடுவோம். சாய்வு நாற்காலியில் அவரைச் சாய வைத்துக் குழந்தையை மேலே வைத்தேன். மானிட்டரில் நாடித்துடிப்பு மெல்ல அடங்கி ஒரு சீருக்கு வந்தது. "இப்போ தூங்கறான்" என்று நான் மெதுவாகச் சொன்னேன். அவர் கீழே பார்த்தார். கொஞ்ச நேரத்தில் அவர் தலையும் சாய்ந்தது. நான் அந்த நாற்காலியை விட்டு நகரவில்லை.

அன்று மாலை டியூட்டி மாற்றும்போது, குழந்தையின் விவரங்களை எல்லாம் எழுதிவிட்டு, தாளின் ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி சேர்த்தேன்: அம்மா, 1 மணி 20 நிமிடம் தூங்கினார். இரவுப் பணிக்கு வந்த பெண் அதைப் பார்த்துவிட்டு, "இது எதுக்கு அக்கா?" என்று கேட்டாள். எனக்கும் சரியாக விளக்கத் தெரியவில்லை, "சும்மா தெரிஞ்சு வெச்சுக்கோ" என்றேன்.

மறுநாள் காலை வந்து தாளை எடுத்தேன். என் வரிக்குக் கீழே அவள் கையெழுத்தில், பேனாவால் எழுதியிருந்தது: அம்மா, 4 மணி நேரம். சாப்பிட்டார்.