சம்பளப் பிடித்தத்தில் எழுந்த மாளிகை

லண்டனின் ஸ்லோன் ஸ்கொயர் சுரங்க ரயில் நிலையத்தில் இறங்கித் தெற்கே சிறிது தூரம் நடந்தால், தேம்ஸ் நதியைப் பார்த்தபடி செங்கல்லில் எழுந்து நிற்கும் செல்சீ ராயல் ஹாஸ்பிடல் தென்படுகிறது. பிரிட்டிஷ் தரைப்படையின் முதிய வீரர்கள் 1692 முதல் வாழ்ந்துவரும் இல்லம் இது. சுற்றிக் காட்டுபவரும் அங்கேயே குடியிருக்கும் ஒரு பெரியவர்தான். செக்கச்சிவந்த நீண்ட அங்கியும் நெஞ்சில் பதக்க வரிசையுமாக அவர் முன்னே நடக்க, நாங்கள் பின்தொடர்ந்தோம்.

நிரந்தரப் படை என்ற ஒன்றை அரசர்கள் வைத்துக்கொள்ளத் தொடங்கிய பிறகு, அதில் மூத்துத் தளர்ந்தவர்களையும் கைகால் இழந்தவர்களையும் என்ன செய்வது என்ற கேள்வி ஐரோப்பா எங்கும் எழுந்தது. பிரான்சில் பதினான்காம் லூயி 1670இல் ஆணையிட்டு எழுப்பிய அன்வாலிட் மாளிகை, 1674இல் தன் முதல் வீரர்களை ஏற்றுக்கொண்டது. அதை முன்மாதிரியாகக் கொண்டு டப்ளின் நகரின் கில்மைனத்தில் 1680இல் ஓர் இல்லத்தின் கட்டுமானம் தொடங்கியது. மறு ஆண்டின் இறுதியில் இங்கிலாந்து அரசர் இரண்டாம் சார்லஸ் செல்சீ இல்லத்துக்கு ஆணை பிறப்பித்தார். வரைபடம் போட்டவர், அப்போது செயின்ட் பால் பேராலயத்தையும் கட்டிக்கொண்டிருந்த கிறிஸ்டோபர் ரென்.

நடு முற்றத்தில் ரோமானிய உடையில் சார்லஸின் சிலை பொன்முலாம் பூசி மின்னுகிறது. எதிரே தூண் வரிசையின் மேல், முதுமையாலும் போராலும் தளர்ந்தவர்களின் ஆதரவுக்காகச் சார்லஸ் நிறுவினார், அடுத்து அரசரான ஜேம்ஸ் விரிவுபடுத்தினார், அவருக்குப் பின் ஆண்ட வில்லியமும் மேரியும் முடித்தனர் என்று லத்தீனில் பொறித்திருக்கிறார்கள். கல்வெட்டில் விடுபட்டிருப்பது பணம் வந்த வழி. அரசர் தந்தது ஏழாயிரம் பவுண்டுக்கும் குறைவு. பெரும்பங்கு படைவீரர்களின் ஊதியத்திலிருந்து பிடிக்கப்பட்டதே. 1847 வரை இல்லத்தின் முதன்மை வருவாய் அந்தப் பிடித்தம்தான். சிலை யாருக்கு வைத்திருக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு அங்கே நின்றபோது எழாமல் இல்லை.

பிடித்த பணத்தைக் காக்க வேண்டியவர் செய்ததோ வேலியே பயிரை மேய்ந்த கதை. இல்லத்தின் பொருளாளராக இருந்த ரானலா பிரபு அதன் வளாகத்திலேயே தமக்கொரு மாளிகை கட்டிக்கொண்டார். படைச் சம்பளப் பொறுப்பையும் அவர் வகித்திருந்தார். அந்தக் கணக்கில் 72,000 பவுண்டு உதைத்ததால், 1703இல் நாடாளுமன்றத்திலிருந்து நீக்கப்பட்டார். அவர் பெயரைத் தாங்கிய தோட்டம் இன்றும் வளாகத்தில் இருக்கிறது. புகழ்பெற்ற செல்சீ மலர்க் கண்காட்சி 1913 முதல் நடப்பதும் இவ்வளாகத்தில்தான்.

கட்டடத்தில் என்னை நிறுத்தி வைத்தது மாடிப்படி. ஒவ்வொரு படியும் உயரம் மிகக் குறைவு. பாதத்தைச் சற்றே தூக்கினால் போதும், அடுத்த படிக்கு வந்துவிடலாம். முழங்கால் மடங்காத கிழவர்களை நினைத்து ரென் செய்த வேலை அது. மேலே நீண்ட கூடங்களில், ஓக் பலகைத் தடுப்புகளுக்குள் ஆளுக்கோர் அறை. தொடக்கத்தில் அது ஆறடிக்கு ஆறடி மட்டுமே. கட்டிலைப் போட்டால் நிற்கத்தான் இடம் மிஞ்சியிருக்கும். 1950களில் ஒன்பதடியாக்கினார்கள். அண்மைக் காலச் சீரமைப்பில்தான் ஒவ்வொருவருக்கும் தனிக் குளியலறை கிடைத்தது.

பெரிய உணவுக்கூடத்தில், வாட்டர்லூ போரில் நெப்போலியனை வென்ற தளபதி வெலிங்டன் பிரபுவின் உடல் 1852இல் அஞ்சலிக்கு வைக்கப்பட்டபோது, நெரிசலில் உயிர்ச்சேதம் ஏற்படும் அளவுக்குக் கூட்டம் திரண்டதாம். வடகிழக்குப் பகுதியின் கதை அதைவிடக் கொடியது: 1918இல் ஜெர்மானியக் குண்டுவீச்சில் இடிந்து, மீண்டும் கட்டப்பட்டு, 1945 ஜனவரியில் ஜெர்மனியின் வி-2 ஏவுகணையால் அதே இடம் மறுபடியும் தரைமட்டமானது. போரிலிருந்து ஓய்வு பெற்று வந்தவர்களைப் போர் தேடி வந்திருக்கிறது.

2009 முதல் பெண் வீரர்களுக்கும் இங்கே இடமுண்டு. உணவு, உறைவிடம், மருத்துவம் எல்லாம் இல்லத்தின் பொறுப்பு. உள்ளே வருபவர் தம் படைப்பணி ஓய்வூதியத்தை இல்லத்துக்கு விட்டுக்கொடுத்துவிட வேண்டும்.