வயர் எந்தப் பக்கமா வருது, தம்பி?

ஃபைபர் (கண்ணாடி இழை) இன்டர்நெட் இணைப்பு கொடுக்க ஏணியோடு வருகிற தம்பிக்கு நம் வீடு அன்றைக்கு நாலாவதோ ஐந்தாவதோ வீடு. அடுத்த வீட்டுக்காரர் போன் மேல் போன் போட்டுக்கொண்டிருப்பார். அதனால் எது கிட்டத்து வழியோ அப்படியே வயரை இழுத்து, முன் அறையில் எந்த பிளக் காலியாக இருக்கிறதோ அதன் பக்கத்தில் வைஃபை பெட்டியை மாட்டிவிட்டுப் போய்விடுவார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வீட்டுக்காரர்கள் முடிவு செய்து வைக்காததை எல்லாம் அவர் அரை மணி நேரத்தில் முடிவு செய்கிறார், அவ்வளவுதான்.

பாளையங்கோட்டையில் இருக்கும் என் நாத்தனார் அடுத்த வாரம் ஃபைபர் போடப்போகிறாள். "என்னென்ன எடுத்து வைக்கணும் மைனி?" என்று கேட்டாள். எடுத்து வைக்க என்ன இருக்கிறது? ஆதார் கார்டு, ஓடிபி வருகிற போன், ஒரு பழைய செய்தித்தாள். செய்தித்தாள் எதற்கு என்று பிறகு சொல்கிறேன். யோசித்து வைக்க வேண்டியதுதான் நிறைய. போனில் சொன்னால் பாதி மறந்துபோகும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீடு திருநெல்வேலி டவுனில், ரத வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், வளவுக்குள் இருக்கிறது. வளவு பார்த்திராதவர்களுக்கு: தெருவைப் பார்த்து ஒரே வாசல், உள்ளே பொது முற்றம், அடிபம்பு, சுற்றிலும் வீடுகள். ஒவ்வொரு வீடும் தார்சா என்கிற முன்பகுதி, பட்டாசல் என்கிற கூடம், இரண்டாம் கட்டு, அடுப்படி, புறவாசல் என்று ரயில் பெட்டி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக நீளும். சுவர் ஒன்றரை அடி கனம், செங்கலும் சுண்ணாம்பும். நான் வேலை பார்ப்பது இரண்டாம் கட்டில். பாத்திரக்கடை, ஜவுளிக்கடைக்காரர்களுக்கு ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்து கொடுக்கிறேன். பெரும்பாலான கடைகளுக்கு மாதா மாதம் 20ஆம் தேதிதான் கெடு. அன்றைக்கு நெட் போனால் அண்ணாச்சிமார் வரிசையாகக் கூப்பிடுவார்கள்.

அதனால் நான் கேட்ட முதல் கேள்வி வேகமும் இல்லை, மாதக் கட்டணமும் இல்லை. "வயர் எந்தப் பக்கமா வருது, தம்பி?"

முன்பக்கம் ரத வீதிக் கம்பத்திலிருந்து நேராக இழுத்துவிடலாம் என்றார். டவுனில் இருப்பவர்களுக்கு இதில் என்ன சிக்கல் என்று உடனே புரியும். ஆனியில் நெல்லையப்பருக்குத் தேரோட்டம். நாலு ரத வீதியையும் சுற்றித்தான் தேர் நிலைக்கு வர வேண்டும். வீதிக்குக் குறுக்கே போகிற வயர் தேர் வரும்போது அங்கே இருக்க முடியாது. முன்கூட்டியே அவிழ்த்துக் கீழே விடுவார்கள். அவசரத்தில் வெட்டுவதும் உண்டு. டிவி கேபிளாவது முறுக்கிச் சேர்த்துவிடலாம். கண்ணாடி இழை அறுந்தால் மெஷின் வந்துதான் ஒட்ட வேண்டும். தேர் வருவது ஜூன் பிற்பாதியிலோ ஜூலையிலோ. 20ஆம் தேதியை ஒட்டி வந்துவிட்டால் என் கதி என்ன?

"பின்சந்து கம்பத்துல இருந்து கொண்டாங்க."

"அது சுத்துக்கா. எம்பது மீட்டர் கேபிள் கூடப் பிடிக்கும்."

பிடிக்கட்டும். கூடுதல் கேபிளுக்குக் காசு கேட்டால் கொடுத்துவிடலாம். எம்பது மீட்டரில் ஒளி குறைந்துவிடுமோ என்று பயப்பட வேண்டியதில்லை. நல்ல ஃபைபரில் ஒரு கிலோமீட்டருக்கே ஏறத்தாழ 0.35 டெசிபல்தான் இழப்பு. எம்பது மீட்டரில் இழப்பது கணக்கிலேயே வராது. ரத வீதியில் இல்லாதவர்களுக்கு இந்தத் தேர்க் கவலை இல்லை. ஆனால் எல்லா ஊரிலும் ஏதோ ஒன்று இருக்கும். பாபநாசம், விக்கிரமசிங்கபுரம் பக்கம் போனால் குரங்கு வயரில் தொங்கும். மற்ற இடங்களில் கரும்பு லாரி, வைக்கோல் லாரி, முருங்கைக் கிளை.

வழி முடிவானதும் அடுத்த வேலை அனுமதி. பின்சந்திலிருந்து வந்தால் வயர் வளவில் வேறு வீட்டு மொட்டை மாடி மேலேதான் வர வேண்டும். வயர்காரர் வந்து நிற்கும்போது போய்க் கேட்டால் எந்த வீட்டிலும் முகம் கடுக்கும். முதல் நாளே போய்க் கேட்டேன். மூலை வீட்டு ஆச்சி, "போவட்டும்ட்டி. எங் கொடிக்கயித்து மேல விழாமப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டார். இன்னொரு வீட்டில் ஆள் சென்னையில். போனில் கேட்டு, வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதி வாங்கிக்கொண்டேன். கணக்கு எழுதுகிறவள் புத்தி.

வீட்டுக்குள் எதிர்ப்பு அத்தையிடமிருந்து வந்தது. "பொங்கலுக்குத்தான வெள்ளையடிச்சிருக்கு. அதுக்குள்ள என்னத்துக்குச் செவுத்துல ஓட்டை போடுதாவ?" சுண்ணாம்புச் சுவரில் டிரில் வைப்பது எனக்கும் பிடிக்காது. உள்ளிருந்து துளைத்தால் வெளியே தட்டு அளவுக்குக் காரை பெயர்ந்து விழும். பழைய வீடுகளில் ஏற்கெனவே ஒரு ஓட்டை எங்கேயாவது இருக்கும், தேடிப் பாருங்கள். எங்களுக்குக் காலண்டருக்குப் பின்னால் கிடைத்தது. மாமா காலத்து லேண்ட்லைன் போன் வயர் வந்த ஓட்டை. சிமெண்ட் வைத்து அடைத்திருந்தார்கள், குத்தியதும் திறந்துகொண்டது. டிஷ் ஆன்டெனா வயர், ஏசி குழாய் வந்த ஓட்டைகளும் உதவும். வேறு வழியில்லாமல் புதிதாகப் போட்டால் ஓட்டை வெளிப்பக்கம் தாழ்ந்திருக்க வேண்டும். வயரும் ஓட்டைக்குக் கீழே ஒரு வளைவு தொங்கிவிட்டு மேலேறி உள்ளே நுழைய வேண்டும். இல்லையென்றால் ஐப்பசி மழையில் தண்ணீர் வயரைப் பிடித்துக்கொண்டு நேராகப் பட்டாசலுக்கு வந்துவிடும்.

இனி பெட்டி எங்கே என்பது. நான் சொல்ல வந்ததில் முக்கியமே இதுதான். வயர் உள்ளே வரும் இடத்திலேயே பெட்டியை மாட்ட வேண்டும் என்று ஒரு விதியும் இல்லை. ஃபைபருக்குள் போகும் ஒளிக்கு வீட்டுக்குள் இன்னும் இருபது மீட்டர் போவது ஒரு பொருட்டே இல்லை. பெட்டியிலிருந்து கிளம்பும் வைஃபைக்கு ஒன்றரை அடிச் சுவர் பெரிய பொருட்டு. அதிலும் வேகமான 5 கிகாஹெர்ட்ஸ் அலை, 2.4 அலையைவிடச் சுவரில் சீக்கிரம் சோர்ந்துவிடும். ஆகவே கண்ணாடி இழையை எவ்வளவு உள்ளே கூட்டிப்போக முடியுமோ அவ்வளவு கூட்டிப்போய், நாம் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் வைஃபையைத் தொடங்க வேண்டும். முன் அறையில் பெட்டியை மாட்டிவிட்டு, பிறகு கடையில் போய் ரிப்பீட்டர் வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

இடத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு எளிய வழி இருக்கிறது. ஒரு போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, பெட்டி வைக்க நினைக்கும் இடத்தில் வையுங்கள். அமைப்பில் 5 கிகாஹெர்ட்ஸ் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். இன்னொரு போனை அதில் இணைத்து வீடு முழுக்க நடந்து, சிக்னல் கோடு எங்கே குறைகிறது என்று பாருங்கள். போன் ஹாட்ஸ்பாட் பெட்டியைவிட வலு குறைந்தது. அதனால் இதில் கிடைக்கிற இடத்தில் அது பெரும்பாலும் கிடைக்கும். தார்சாவில் வைத்தபோது இரண்டாம் கட்டில் ஒரே கோடுதான். மாடக்குழியில் வைத்தால் அழகாக இருக்கும் என்றார் அத்தை. மூன்று பக்கமும் சுவர், காற்றும் போகாது, பெட்டி சூடேறும். விளக்குக்கு மட்டும்தான் அந்த இடம் சரி. பீரோ மேலே வைக்கிற யோசனையும் வேண்டாம். இரும்பு அலையைத் திருப்பிவிடும். கடைசியில் பட்டாசலுக்கும் இரண்டாம் கட்டுக்கும் நடுவே உள்ள வாசல் நிலைக்கு மேலே வைப்பதென்று முடிவானது. கதவு திறந்தே இருக்கும் வாசல் அது, இரண்டு பக்கமும் கிடைத்தது.

உயரத்தில் வைத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 யாருக்கும் மறந்திருக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது; இங்கே தாமிரபரணி கரை தாண்டியது. மீனாட்சிபுரத்தில் என் தங்கை வீட்டில் இடுப்பளவுத் தண்ணீர். டிவி ஸ்டாண்டில் இருந்த பெட்டி, செட்டாப் பாக்ஸ் எல்லாம் போயிற்று. ஆற்றுப்பக்கம் இருப்பவர்கள் பெட்டியைத் தரைக்குப் பக்கத்தில் வைக்கவே வேண்டாம்.

இடம் முடிவானால் கரண்ட். நிலைக்கு மேலே பிளக் கிடையாது. எலக்ட்ரீசியனை முன்னாடியே கூப்பிட்டு, இன்வெர்ட்டர் லைனிலிருந்து ஒரு பிளக் எடுத்தேன். பெட்டிக்குப் பெரும்பாலும் 12 வோல்ட் அடாப்டர்தான், சாப்பிடும் கரண்டும் ஒரு சின்ன பல்பு அளவுதான். இன்வெர்ட்டர் இல்லாதவர்கள் ரவுட்டருக்கென்றே விற்கும் சின்ன யுபிஎஸ் வாங்கினால் போதும். ஒன்றுமட்டும் தம்பியிடம் சொல்லுங்கள்: தொங்கவிடும் கேபிளில் பலத்துக்காக ஓர் இரும்புக் கம்பி சேர்ந்து வந்தால், அதை வெளிச்சுவரிலேயே கட்டி நிறுத்திவிட வேண்டும். கண்ணாடியில் மின்சாரம் ஓடாது, அதன் வழியாக இடி மின்னல் வரும் என்ற பயமில்லை. இரும்பு அப்படி இல்லையே.

வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியவை சில. இழையின் மொத்தக் கனமே 125 மைக்ரான், அதிலும் ஒளி போகும் நடுப்பகுதி 9 மைக்ரான் சொச்சம். ஒட்டுவதற்கு முன் நுனியை வெட்டும்போது தெறிக்கும் துண்டு கண்ணுக்குத் தெரியாது, காலில் ஏறினால் எடுக்கவும் முடியாது. நாமெல்லாம் வீட்டுக்குள் செருப்புப் போடாதவர்கள். செய்தித்தாள் அதற்குத்தான்: அதை விரித்து அதன்மேல் வேலை செய்யச் சொல்லி, முடிந்ததும் அப்படியே மடித்துக் கட்டிக் குப்பையில் போட்டேன். சுவர் மூலையில் வயரை ஆணி அடித்து மடக்கவும் விடாதீர்கள். இப்போது வீடுகளுக்குப் போடும் ஜி.657 வகை இழை 10 மில்லிமீட்டர் ஆரம் வரை வளையும். அதற்கு மேல் ஒடித்தால் ஒளி அந்த வளைவிலேயே கசிந்துவிடும். பிள்ளைகள் நுனியைக் கண்ணருகே வைத்துப் பார்க்கவும் கூடாது. வருகிற ஒளி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. தெரியவில்லை என்பதற்காக இல்லை என்று ஆகாது.

எல்லாம் முடிந்து பச்சை விளக்கு எரிந்ததும் தம்பி கிளம்பப் பார்த்தார். "பவர் எவ்வளவு காட்டுதுன்னு சொல்லிட்டுப் போங்க." திரும்பி ஒரு மாதிரி பார்த்தார். மீட்டரை வைத்து, "மைனஸ் பத்தொம்பதுக்கா, நல்ல பவர்" என்றார். வீடுகளில் இப்போது உள்ள பெட்டிகளுக்குப் பொதுவாக மைனஸ் 8-லிருந்து மைனஸ் 27 டிபிஎம் (ஒளியின் வலுவை அளக்கும் கணக்கு) வரை ஒளி வந்தால் வேலை செய்யும். 3 குறைந்தால் ஒளி பாதியாகிறது, 10 குறைந்தால் பத்தில் ஒன்றாகிறது. முதல் நாளே மைனஸ் 26 என்றால், அடுத்த மழைக்குச் சிவப்பு விளக்கு எரியும் என்று எதிர்பார்க்கலாம். எங்கோ ஒட்டு சரியில்லை, அல்லது பச்சை நிறக் கனெக்டர் போக வேண்டிய இடத்தில் நீல நிறக் கனெக்டரைச் செருகியிருக்கிறார்கள். ஆள் போவதற்கு முன்பே சரி செய்ய வைக்க வேண்டும். மைனஸ் 19 என்பதைத் தேதியோடு பீரோக் கதவின் உட்பக்கம் எழுதி ஒட்டியிருக்கிறேன். நாளைக்கு நெட் மெதுவாகப் போகிறது என்று புகார் சொல்லும்போது, "அன்னைக்கு இவ்வளவு, இன்னைக்கு இவ்வளவு" என்று கேட்கலாம் பாருங்கள்.

வேகம் பார்க்கும்போது வைஃபையில் பார்க்காமல் லேப்டாப்பில் லேன் வயரைச் செருகிப் பாருங்கள். பழைய இணைப்பைப் புதியது ஒரு வாரம் ஒழுங்காக ஓடும் வரை வெட்டாதீர்கள். வெட்டும்போது பெட்டியைத் திருப்பிக் கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். எங்களுடைய பழைய நிறுவனம் பெட்டி வந்து சேரவில்லை என்று இன்னும் குறுஞ்செய்தி அனுப்பிக்கொண்டிருக்கிறது. என்னிடம் ரசீது இருப்பதால் அனுப்பட்டும் என்று விட்டுவிட்டேன்.

நாத்தனாருக்கு மட்டும்: உனக்கு மாடி வீடு, வாடகை வீடு. வீட்டுக்காரரிடம் படி ஏறும் சுவரில் வயர் போகலாமா என்று இன்றைக்கே கேட்டுவிடு. தேதி சொல்வதற்கு முன்னால் பேப்பரில் உங்கள் ஏரியா மின்தடை அறிவிப்பையும் பார்த்துக்கொள். காலை 9 மணியிலிருந்து 2 மணி வரை கரண்ட் இல்லாத நாளில் ஆள் வந்தால் வயரைச் சுருட்டி வாசலில் தொங்கவிட்டுப் போய்விடுவார். மறுபடி பிடிப்பது கஷ்டம்.