பிடரிக்குப் பின்னால் ஒன்பது பேர்

பெரிய விமானங்களில் விமானிக்கும் பயணிக்கும் நடுவே பூட்டிய கதவு ஒன்று உண்டு. நாங்கள் ஓட்டிய செஸ்னா கரவான் என்ற சிறிய விமானத்தில் அது இல்லை. கொழும்புப் பக்கத்து இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்குப் போய்ச் சேரும்வரை முன்வரிசைக்காரர் எங்கள் பிடரியைப் பார்த்தபடிதான் வருவார். நான் குனிந்து பேனா எடுத்தாலே பின்னால் யாராவது நிமிர்ந்து உட்காருவார். கப்டன் தலையைச் சொறிந்தால் அது செய்தி.

அந்த மார்கழிக் காலையில் பின்னால் ஒன்பது பேர் இருந்தார்கள். கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்து வான்கதவுகளைத் திறந்துவிட்டார்கள் என்று முதல்நாள் இரவே அம்மா போனில் சொல்லியிருந்தார். நான் அந்தக் குளத்துக்குக் கிட்ட உள்ள வட்டக்கச்சிக்காரன். எங்கள் வீட்டில் வானிலை அறிக்கை என்றால் அந்தக் கதவுகள்தான். திறந்தால் மாரி முற்றிவிட்டது என்று அர்த்தம்.

மாங்குளத்துக்கு மேலே, ஒன்பதாயிரம் அடியில், முகிலுக்குள் போய்க்கொண்டிருந்தபோது ஜெனரேற்றர் நின்றுவிட்டது என்று காட்டும் விளக்கு எரிந்தது. துணை விமானி நான். பழுது வந்தால் என்ன செய்வது என்று எழுதிய அட்டையை எடுத்து வாசிப்பது என் வேலை. மீளியக்கும் சுவிச்சை அழுத்திப் பார்த்தோம், வரவில்லை. கரவானில் மாற்றாக ஒரு சிறிய ஒல்ரனேற்றர் உண்டு. எஞ்சினோடு ஒரு பெல்ற்றால் சுழல்வது, அரிசி ஆலையில் பார்ப்போமே, அந்த மாதிரி. அது தானாகவே வேலையை எடுத்துக்கொண்டது. சரி, இனிப் பிரச்சினையில்லை என்று அட்டையை மடித்து வைத்தேன். நாலு நிமிடம் ஆகியிருக்கும், அதுவும் நின்றுவிட்டது. பெல்ற் அறுந்திருந்ததைப் பிறகு இறங்கித்தான் பார்த்தோம். பரிசோதனையில் கண்டுபிடித்திருக்க வேண்டிய தேய்வு. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை, ஆனால் அது வேறு கதை.

இதைக் கேட்கிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, “அப்ப எஞ்சின் நிண்டுடுமே?” நிற்காது. அது ரேர்பைன். ஒருமுறை பற்றிக்கொண்டால் எரிபொருள் வரும்வரை எரிந்துகொண்டே இருக்கும்; மோட்டார் சைக்கிள் மாதிரி பிளக்கில் பொறி அடித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. சக்கரங்களும் எப்போதும் வெளியேதான் இருக்கும், இறக்க வேண்டியதில்லை. மின்சாரம் வேண்டியது திரைகளுக்கும் ரேடியோவுக்கும், இறங்கும்போது செட்டையின் பின்புறத்தில் கீழே மடியும் பிளாப்புக்கும். பற்றரியைச் சிக்கனமாகச் செலவழித்தால் அரை மணி நேரம் என்று கணக்கு. மாதக் கடைசிச் சம்பளக்காரன் போல ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வந்தோம். உள்விளக்கு, விசிறி, இரண்டாவது ரேடியோ, என் பக்கத்துத் திரை.

ராடாரில்தான் கை நின்றது.

முகிலுக்குள் எங்கே இடிமழை இருக்கிறது என்று காட்டுவது அதுதான். மின்சாரம் தின்பதிலும் அது சளைத்ததல்ல. வடக்கே கிளிநொச்சிப் பக்கம் முழுக்கச் சிவப்பு. எங்களுக்குக் கிட்ட இருந்த இரணைமடு ஓடுபாதையும் அந்தச் சிவப்புக்குள்தான். ஆகவே வவுனியாவுக்குத் திரும்புவது என்று கப்டன் முடிவெடுத்துவிட்டார். ஆனால் ராடாரை அணைத்துவிட்டுத் திரும்புவது கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி. அணைக்காமல் போனால் கடைசியில் பிளாப்புக்கு மின்சாரம் மிஞ்சுமோ தெரியாது. கப்டன் அணை என்றார். நான் கொஞ்சம் பொறுங்கள் என்றேன். ராடார் மூக்குக்கு நேரே உள்ளதைத்தான் காட்டும். ஆகவே முதலில் தெற்கே திரும்பி, ஒரேயொரு தடவை நன்றாகப் பார்த்து, தொடையில் கட்டியிருந்த தாளில் நான் அதைக் கீறிக்கொண்டேன். ஓமந்தைக்கு மேற்கே ஒரு சிவப்பு. நெடுங்கேணிப் பக்கம் இன்னொன்று. நடுவில் ஒரு பச்சை ஒழுங்கை. பிறகு அணைத்தோம். என் பறப்பு வாழ்க்கையில் நான் கீறிய படங்களில் உருப்படியானது அது ஒன்றுதான்.

கப்டன் ரேடியோவில் “பான் பான்” என்று மூன்று தரம் சொன்னார். நான் எதிர்பார்த்தது “மேடே.” இரண்டும் பிரெஞ்சிலிருந்து வந்த சொற்கள். முதலாவது பழுது என்பதிலிருந்து, மற்றது எனக்கு உதவுங்கள் என்பதிலிருந்து. ஒன்று அவசரம், மற்றது ஆபத்து. விமானிகளுக்கு இரண்டாவதைச் சொல்ல ஒரு கூச்சம் உண்டு, பெரிதாகக் கத்திவிட்டு ஒன்றுமில்லாமல் இறங்கினால் என்ன நினைப்பார்களோ என்று. 1990ஆம் ஆண்டு தை மாதம், நியூயோர்க்கில் இறங்கக் காத்திருந்த ஒரு கொலம்பிய விமானம் எரிபொருள் தீர்ந்து விழுந்து 73 பேர் இறந்தார்கள். எரிபொருள் குறைகிறது என்று அவர்கள் சொல்லத்தான் செய்தார்கள். அவசரநிலை என்ற அந்தச் சொல்லை மட்டும் சொல்லவில்லை. பயிற்சியில் இதைப் படிக்காத விமானி இல்லை. முகிலுக்குள், பற்றரியை மட்டும் நம்பிப் பறக்கும் விமானம் மேடே சொல்லலாம் என்பதுதான் இன்றும் என் கட்சி. கப்டன் ஒத்துக்கொள்வதில்லை.

கட்டுப்பாட்டாளருக்குச் சொல்லியாயிற்று. பிடரிக்குப் பின்னால் இருப்பவர்களுக்கு?

கப்டன் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் திரும்பிச் சொன்னார். ஒலிபெருக்கி கிடையாது, அதற்கும் மின்சாரம் வேண்டும். கழுத்தைத் திருப்பிச் சத்தம் போட வேண்டியதுதான். பிறகு என்னைப் பார்த்துத் தலையசைத்தார். எங்கள் அறிவித்தல் அட்டையில் “தொழினுட்பக் காரணங்களினால்” என்று தொடங்கும் ஒரு தமிழ் வசனம் இருந்தது. அதைச் சொன்னால் ஒன்பது பேரும் செத்தோம் என்றே நினைத்திருப்பார்கள். வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

“பிளேனில கரண்ட் நிண்டுட்டுது. எஞ்சின் நல்லா ஓடுது. யாழ்ப்பாணம் போகேல்ல, வவுனியாவில இறங்கப்போறம். குலுக்கும், பயப்பிடாதேங்கோ.”

கரண்ட் போவது வன்னியில் யாருக்குப் புதிது? மூன்றாம் வரிசையில் ஒருவர் சீற்றில் சாய்ந்தே விட்டார்.

முகில் கலைந்து நிலம் தெரிந்தபோது கீழே ஏ9 வீதியும் ரயில் பாதையும் பக்கம் பக்கமாக ஓடின. வன்னியில் மலை இல்லை. தாழப் பறந்தால் கவனிக்க வேண்டியவை தொலைபேசிக் கோபுரங்கள்தான். பிளாப்பை மின்சாரம் இருக்கும்போதே ஒரு படி இறக்கி அதோடு விட்டுவிட்டோம். ஓடுபாதை நனைந்திருந்தது, வேகம் கொஞ்சம் கூட. முன்னெச்சரிக்கையாகக் குனியச் சொல்லு என்றார் கப்டன். நான் திரும்பி, தலையை எப்படி முழங்காலோடு சேர்ப்பது என்று செய்துகாட்டத் தொடங்கினேன்.

முன்வரிசையில் பேத்தியோடு வந்த அம்மம்மா ஏற்கெனவே குனிந்திருந்தார். பிள்ளையின் காதுகளைத் தன் கைகளால் பொத்தியிருந்தார். பிள்ளையின் வாயைக் கொஞ்சம் திறந்து வைக்கச் சொன்னதும் கேட்டது. அது எங்கள் பயிற்சிக் கையேட்டில் இல்லாத பாடம், பதுங்குகுழியில் படித்தது. குண்டு போடும் கிபிர் விமானம் இரைந்தால் குப்புற விழு, காதைப் பொத்து, வாயைத் திற. நானும் அதைப் படித்தவன்தான். விமானத்துக்குக் கீழே கிடந்து படித்ததை அவர் விமானத்துக்குள் இருந்து செய்துகொண்டிருந்தார். நான் பார்ப்பதைக் கண்டு தலையை நிமிர்த்தாமலே சொன்னார்:

“உது எங்களுக்குத் தெரியும் தம்பி. நீ முன்னுக்குப் பார்.”

முன்னுக்குப் பார்த்தேன். இறங்கியதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, கப்டன் வடிவாக இறக்கினார். மழையில் நனைந்துகொண்டே ஒவ்வொருவராக இறங்கினார்கள். அம்மம்மா பேத்தியின் சப்பாத்தைக் கட்டிவிட்டு, வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு உள்ள ரிக்கற் காசைத் திருப்பித் தருவீர்களா, பஸ்ஸுக்கு வேண்டும் என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கு அட்டை ஏதும் இருக்கவில்லை. என் பணப்பையிலிருந்து கொடுத்தேன்.

அடுத்த வாரம் கப்டன் அந்தத் தமிழ் வசனத்தைத் திரும்பச் சொல்லச் சொல்லி, அட்டையின் பின்பக்கத்தில் சிங்கள எழுத்தில் எழுதிக்கொண்டார். “நிண்டுட்டுது” மட்டும் அவருக்கு இன்றுவரை வாயில் நுழையவில்லை. “எஞ்சின் நல்லா ஓடுது” என்பதை மட்டும் ஒவ்வொரு நாளும் கிளம்புமுன் என்னைப் பார்த்துச் சொல்லிப் பழகுகிறார்.