பொட்டு ஒட்டிய கட்டைகள்

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வரும் பெற்றோர் பெருமையாகச் சொல்வது ஒன்றுதான்: "நூறு வரைக்கும் சொல்லுவான் டீச்சர்." சொல்லவும் செய்வான். மேசையில் ஏழு புளியங்கொட்டையை வைத்து எண்ணச் சொன்னால், விரல் இரண்டாவது கொட்டைக்கு வருவதற்குள் வாய் நான்கைத் தாண்டியிருக்கும். பொறுமையாக எண்ணி முடித்த பிள்ளையிடம் "சரி, மொத்தம் எத்தனை?" என்றால் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும். கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது அதற்கு இன்னும் பிடிபடவில்லை. ஒப்பிப்பது வேறு, ஏழு என்றால் எவ்வளவு என்று தெரிவது வேறு.

இதற்காகத்தான் டொமினோ என்ற கட்டை ஆட்டத்தை வகுப்புக்குள் கொண்டுவந்தேன். ஒரு கட்டையில் இரண்டு பாதி, ஒவ்வொரு பாதியிலும் வெறுமையிலிருந்து ஆறு வரை புள்ளிகள், மொத்தம் 28 கட்டைகள். கடையில் கிடைக்கும் செட்டுகள் சிலவற்றில் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு நிறம். பார்க்க அழகுதான், ஆனால் பிள்ளைகள் நிறத்தை வைத்தே ஜோடி சேர்த்துவிடுவார்கள். எண் பக்கமே போகமாட்டார்கள். அதனால் அட்டைப்பெட்டியை வெட்டி, ஒரே நிற ஸ்டிக்கர் பொட்டு ஒட்டி நானே செய்துகொண்டேன்.

முதலில் ஒரு கட்டையைக் காட்டி, இரண்டு எண்ணும் நேரத்தில் மறைத்துவிடுவேன். மூன்று, நான்கு வரை எண்ணாமலே கண் பிடித்துவிடும். இந்தத் திறனுக்கு அமெரிக்க உளவியலாளர்கள் 1949-இல் 'சபிடைசிங்' என்று பெயரே வைத்தார்கள். அதற்கு மேல் போனால் புள்ளிகளின் அமைப்பு உதவுகிறது. ஐந்தை எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டால், "நாலு மூலையில நாலு, நடுவுல ஒண்ணு" என்பார்கள். ஆறு, இரண்டு மூன்றுகள். கூட்டல் என்று நான் இன்னும் வாயே திறக்கவில்லை, அது பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கிறது. அப்புறம் ஐந்தும் இரண்டும் உள்ள கட்டையில் ஐந்தைக் கையால் மூடி, மொத்தம் கேட்பேன். "அஞ்சு... ஆறு, ஏழு" என்று ஒரு பிள்ளை தொடர்ந்தால், ஒன்றிலிருந்து எண்ணுகிற கட்டத்தைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். கட்டையைத் திருப்பிப் பிடித்தாலும் ஏழுதான் என்பதைச் சிலர் உடனே ஒப்புக்கொள்வதில்லை. மறுபடி எண்ணிப் பார்ப்பார்கள். எண்ணட்டும், நான் அவசரப்படுத்துவதில்லை.

இரண்டு பாதியும் வெறுமையாக இருக்கும் கட்டையை நீட்டியபோது ஒரு சிறுமி தயங்காமல் "பன்னெண்டு" என்றாள். பாட்டியோடு தாயம் ஆடுகிறவள்! வெண்கலத் தாயக்கட்டையில் ஒன்று, இரண்டு, மூன்று, வெறுமை என்று நான்கு முகம். இரண்டு கட்டையும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு. அவள் கணக்கு தப்பில்லை, ஆட்டம்தான் வேறு. இதில் புள்ளியை மட்டும் பார்க்க வேண்டும் என்றதும் "அப்போ ஒண்ணுமில்ல" என்றாள். பூஜ்யத்துக்கு அதைவிட நல்ல விளக்கம் என்னிடமும் இல்லை. பழைய சீன டொமினோக்களில் இந்த வெற்றுப் பாதி கிடையாது. ஐரோப்பிய செட்டில்தான் உண்டு. சின்னப் பிள்ளைகளுக்கு அந்த வெற்றுப் பாதி பெரிய உபகாரம்.

எனக்கு மிகவும் பிடித்தது தரையில் அடுக்கும் வேலை. ஒரே மொத்தம் வரும் கட்டைகளை ஒரே வரிசையில் மேலே மேலே வைக்கச் சொல்வேன். பூஜ்யத்துக்கு ஒரு கட்டை, ஒன்றுக்கு ஒன்று, இரண்டுக்கும் மூன்றுக்கும் இரண்டிரண்டு, இப்படி ஏறி ஆறில் நான்கு கட்டைகள் நிற்கும். பிறகு அதே மாதிரி இறங்கிப் பன்னிரண்டில் ஒன்றாக முடியும். ஆறை வெறுமையும் ஆறும், ஒன்றும் ஐந்தும், இரண்டும் நான்கும், மூன்றும் மூன்றும் என்று நான்கு விதமாகப் பிரிக்கலாம் என்பது கரும்பலகையில் எழுதாமலே கண்ணுக்குத் தெரிகிறது.

ஒரு நாள் எட்டில் மூன்றுக்குப் பதில் இரண்டு கட்டைதான் இருந்தது. அந்தப் பக்கம் நான்கு வரிசையில் மூன்று இருக்கிறதே என்று ஒரு பையன் மாறி மாறிப் பார்த்தான். "டீச்சரே, ரெண்டும் ஆறும் காணோம்" என்றான். பெஞ்சுக்கு அடியில் தேட ஆரம்பித்தோம்.