பொடுதலையைப் படரவிட்ட ஆறு மாதம்

புல்தரைக்குத் தண்ணீர் ஊற்றி, வெட்டி, மறுபடி ஊற்றி அலுத்துவிட்டது. அதைக் கொத்தி எடுத்துவிட்டு 10 அடிக்கு 6 அடி இடத்தில் பொடுதலையை நட்டேன். ஈரத்தரையில் தானாகவே படர்ந்து கிடக்கிற செடி, இதற்கென்ன பெரிய வேலை என்று ஓர் அலட்சியம். அந்த அலட்சியத்தைக் கோரை வந்து தீர்த்துவைத்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஓடுதண்டுகளை மூன்று, நான்கு கணு இருக்கும்படி நறுக்கி, அடிக்கு ஒன்றாக 60 துண்டுகள். முதல் 20 துண்டுகளைக் காலையில் மண்மேல் கிடத்தி, மேலே கொஞ்சம் மண் தூவினேன். மறுநாள் மாலைக்குள் எல்லாம் சருகு. மிச்சம் 40 துண்டுகளை வெயில் தாழ்ந்த பிறகு, அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி நட்டு அழுத்தினேன். பத்தாம் நாள் ஒன்றை மெல்ல இழுத்துப் பார்த்தேன். வரவில்லை. சரி, பிடித்துக்கொண்டது. காய்ந்துபோன இடங்களையும் அதே மாதிரி நட்டு நிரப்பினேன்.

இந்தச் செடியின் சங்கதியெல்லாம் கணுவில்தான். ஒரு கொடி செங்கல் பாதைமேல் ஏறிவிட்டது. அதைப் புரட்டிப் பார்த்தால் ஒவ்வொரு கணுவின் அடியிலும் ஊசிமுனை அளவில் வெள்ளை மொட்டு, நுனி கருகியிருந்தது. அதே கொடியை மண்பக்கம் திருப்பி, வளைத்த கம்பியால் குத்தி வைத்தேன். ஒரு வாரத்தில் அந்த மொட்டுகள் வேராகி இறங்கிவிட்டன. அதன்பின் தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் தூக்கிக்கொண்டு நிற்கிற கொடிகளைக் கையால் மண்ணோடு அழுத்திவிடுவது வழக்கமாகிவிட்டது. பூவும் கணுவிலிருந்துதான் காம்பு விடுகிறது. தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-இல் இதற்கு வைத்த ‘நோடிஃப்ளோரா’ என்ற பெயருக்கும் கணுவில் பூப்பது என்றுதான் பொருள்.

இப்போது கோரை. நடுவதற்கு முன் மேலே தெரிந்ததை மட்டும் பிடுங்கியிருந்தேன். ஐந்தாம் வாரம் பொடுதலைக்கு நடுவே ஈட்டி மாதிரி எழும்பியது. பிடுங்கினால் தாள் மட்டும் கையோடு வரும், கிழங்கு உள்ளேயே தங்கிவிடும், ஒரு வாரத்தில் மறுபடி தலைகாட்டும். கொத்தி எடுக்கலாம் என்றால் கொடியும் சேர்ந்து அறுபடுகிறது. கடைசியில் சின்னக் கரண்டியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, மண் ஈரமாக இருக்கும்போது ஒவ்வொரு கிழங்காகத் தோண்டினேன். இரண்டு மாதம் இதே வேலை. இன்னொரு தடவை செய்வதாக இருந்தால், நடுவதை ஒரு மாதம் தள்ளிப்போட்டு, தண்ணீர் விட்டுக் கோரையை முளைக்கவிட்டுத் தோண்டி எடுத்த பிறகுதான் கொடியில் கைவைப்பேன். பொடுதலை அடர்ந்த பிறகு சின்னக் களைகள் எழும்புவதில்லை. அடரும்வரை பாடு நமக்குத்தான்.

ஒரு பாதிக்கு மட்டும் மக்கிய உரம் போட்டுப் பார்த்தேன். தேவையே இல்லை. அந்தப் பக்கம் தண்டு நீண்டு, இலை பெருத்து, மிதித்தால் நசுங்குகிற மாதிரி ஆனது. உரம் காணாத பாதிதான் தரையோடு தரையாக இறுகிப் படர்ந்தது.

நான்காம் மாதம் பூ. மொட்டுத்தலை கருஞ்சிவப்பில் தீக்குச்சி முனை போல இருக்கும். அதைச் சுற்றிக் குட்டி வெள்ளைப் பூக்கள் ஒரு வளையமாக மலரும். கீழ் வளையம் உதிர உதிர மேலே அடுத்த வளையம். பார்க்க அழகுதான், ஆனால் தேனீக்களுக்கும் அப்படித்தான் தோன்றும் போலிருக்கிறது. வெறுங்காலோடு நடந்து ஒரு கொட்டு வாங்கினேன். இப்போது நடக்கும் பக்கத்தை மட்டும் பூவோடு வெட்டிவிட்டு, மறுபக்கத்தைத் தேனீக்களுக்கு விட்டுவிட்டேன்.

ஆறாம் மாதம், வெயில் படுகிற இடமெல்லாம் மண் தெரியாமல் மூடிவிட்டது. தண்ணீர் வாரம் ஒரு முறை போதும். மரத்தடி மூலை மட்டும் இன்னும் சொட்டையாகவே கிடக்கிறது. அங்கே கொடி நீள்கிறதே தவிர அடரவில்லை.

ஓரத்தை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மண்வெட்டியால் நறுக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்துப் பாத்திக்குள் போய்விடும். அப்படி நறுக்கியதை ஈரமான உரக்குழிமேல் எறிந்திருந்தேன். அப்புறம் ஒருநாள் பார்த்தால் உரக்குழியும் பச்சை.