நிக்ளோசமைடை நானோ துகளில் அடைத்த கதை: 95 சதவீதம் வந்தால் சந்தோஷப்படாதீர்கள்

நாடாப்புழுவுக்குப் பெரியவர்கள் ஒரே வேளையில் 2 கிராம் சாப்பிடும் நிக்ளோசமைடைப் புற்றுநோய்க்காக நானோ துகளில் அடைக்கும் வேலை, ஒருவழியாக விலங்குச் சோதனை அனுமதி வரை வந்துவிட்டது. மாத்திரையே இருக்கும்போது துகள் எதற்கு என்று கேட்பவர்களுக்கு, 2018இல் வெளியான அமெரிக்க ஆய்வைக் காட்டினால் போதும். புராஸ்டேட் புற்றுநோயாளிகளுக்கு, அந்த நோய்க்கான மருந்தான என்சலூட்டமைடோடு நிக்ளோசமைடைச் சேர்த்து வாய்வழியாகக் கொடுத்தார்கள். நாளுக்கு மூன்று வேளை, வேளைக்கு 500 மில்லிகிராம் வரைதான் உடம்பு தாங்கியது. ரத்தத்தில் சேர்ந்ததோ மில்லிலிட்டருக்கு 36 முதல் 182 நானோகிராம். இது தேறாது என்று ஆய்வைப் பாதியிலேயே மூடிவிட்டார்கள்.

முதல் அடி மருந்து பாட்டிலிலேயே விழுந்தது. வந்திருந்தது எத்தனாலமைன் உப்பு, அதாவது நத்தை கொல்லியில் போடுகிற வடிவம். அதன் மூலக்கூறு எடை 388; நமக்கு வேண்டியது 327. கவனிக்காமல் நிறுத்தால் ஒவ்வொரு கணக்கிலும் 16 சதவீதம் குறையும். லேபிளை நம்பாதீர்கள். பகுப்பாய்வுச் சான்றிதழ் கையில் வராமல் பாட்டிலைத் திறக்கவே வேண்டாம். எங்களுக்கு அந்தத் தாள் வந்து சேர மூன்று நினைவூட்டல் தேவைப்பட்டது.

துகள் செய்வது பெரிய வித்தை இல்லை. 50 மில்லிகிராம் பி.எல்.ஜி.ஏ. (உடம்பில் சிதைந்துபோகும் பாலிமர், 50:50 வகை), 5 மில்லிகிராம் மருந்து, 5 மில்லி அசிட்டோன். இதை 1 சதவீத ப்ளூரானிக் எஃப்68 (துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் காப்பது) கரைசல் 20 மில்லியில், ஸ்டிரர் ஓடும்போதே சொட்டுச் சொட்டாக விட்டு, அசிட்டோன் பறக்க 4 மணி நேரம் திறந்து வைத்தால் முடிந்தது. ஒன்றே ஒன்று: அசிட்டோன் கரைசலை வடிகட்ட செல்லுலோஸ் அசிடேட் ஃபில்டரை மாட்டாதீர்கள், ஃபில்டரே கரைந்து துகளுக்குள் போய்விடும். பி.டி.எஃப்.இ. (டெஃப்லான்) ஃபில்டர்தான் சரி.

உண்மையான ஏமாற்று இதற்குப் பிறகுதான். துகளை சென்ட்ரிஃபியூஜில் அடியில் இறக்கி, மேல்நீரில் மிஞ்சிய மருந்தை அளந்து, "மீதியெல்லாம் உள்ளே" என்று கணக்குப் போடுவதுதான் வழக்கம். 95 சதவீதம் வந்தது. லேபே குதித்தது. ஒரு சொட்டைச் சாதாரண மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால் ஊசி ஊசியாகப் படிகங்கள். நிக்ளோசமைடு நீரில் கரையாதது மட்டுமல்ல. தண்ணீரில் நின்றால் நீர்மூலக்கூறைச் சேர்த்துக்கொண்டு, இன்னும் கரைய மறுக்கும் ஊசிப் படிகமாகிவிடும். அடைபடாத மருந்து முழுக்க இப்படி ஊசியாகித் துகளோடு சேர்ந்தே அடியில் உட்கார்ந்துவிட்டது. மேல்நீரில் மருந்து இல்லாததற்கு அதுதான் காரணம்.

இதற்கு வைத்தியம்: முதலில் 1000 ஜியில் (புவியீர்ப்பைப் போல் 1000 மடங்கு விசை) 5 நிமிடம் மெதுவாகச் சுற்றி ஊசிகளை ஒதுக்குங்கள். பிறகு துகளை வேகமாக இறக்கி, கழுவி, கரைத்து, உள்ளே இருப்பதை நேரடியாக அளங்கள். எங்கள் 95, 52 ஆனது. வலித்தது, ஆனால் அந்த 52 நிஜம்.

மருந்து வெளிவரும் சோதனையிலும் இதே கண்கட்டு. டயாலிசிஸ் பையில் (கரைந்த மருந்தை மட்டும் வெளியே விட்டு, துகளை உள்ளேயே நிறுத்தும் சவ்வுப் பை) 1 மில்லிகிராம் மருந்து, வெளியே 50 மில்லி வெறும் பஃபர் (அமிலத்தன்மை மாறாத உப்புக் கரைசல்) என்றால், முழுக்க வெளிவந்தால் மில்லிலிட்டருக்கு 20 மைக்ரோகிராம். அவ்வளவு கரையவே கரையாது. பஃபர் நிரம்பி நின்றுபோவதைத்தான் "மூன்று நாள் நிதான வெளியீடு" என்று வரைபடம் போட்டுக்கொண்டிருந்தோம். பஃபரில், மருந்தைக் கரையவைக்க, சோப்பு போன்ற ட்வீன் 80ஐ 0.5 சதவீதம் சேருங்கள். பக்கத்திலேயே துகளில்லாத வெறும் மருந்தை ஒரு பையில் ஓட்டுங்கள். அதுவும் மெதுவாகத்தான் வருகிறதென்றால் குற்றம் சோதனையில் இருக்கிறது.

செல் சோதனைக்கு, உயிருள்ள செல் நிறம் மாற்றும் சாயமான எம்.டி.டி.யை மட்டும் நம்பக்கூடாது. இந்த மருந்து மைட்டோகாண்ட்ரியாவின் ஆற்றல் உற்பத்தியையே குலைப்பது. சாயமோ செல்லின் வளர்சிதை மாற்றத்தைத்தான் அளக்கிறது. செல் சாகாமலே நிறம் மங்கலாம். ஒட்டியிருக்கும் செல்களுக்கு நிறமேற்றும் கிரிஸ்டல் வயலட் போட்டோ, நேராக எண்ணியோ உறுதிசெய்யுங்கள்.

துகள் அளவு பார்க்க வெளியூர் போனது முழுத் தண்டம். ஃப்ரீஸரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை ஒட்டியே குப்பியை வைத்ததில் கரைசல் வழியிலேயே உறைந்துவிட்டது. 170 நானோமீட்டர் துகள்கள் கட்டிதட்டி ஆயிரத்தைத் தாண்டின. ஐஸ் பேக் வெளியே வியர்க்கும்வரை காத்திருந்து, நடுவில் நாலு மடிப்பு செய்தித்தாள் வைத்திருந்தால் போதும்; ஒரு நாளும் பஸ் காசும் மிஞ்சியிருக்கும். உறையவைத்து உலர்த்துவதானாலும் துகள்கள் ஒட்டாமலிருக்க முன்பே 5 சதவீத ட்ரெஹலோஸ் என்ற சர்க்கரையைச் சேர்க்கவேண்டும்.

விலங்கு நெறிமுறைக் குழு விண்ணப்பத்தைத் திருப்பியதற்குக் காரணம், மருந்தில்லாத வெற்றுத் துகளுக்கென்று ஒரு எலிக் குழு இல்லை என்பது. நியாயம்தான். ஆனால் அதை முதல் நாளே சொல்லியிருக்கலாம். அரசு நியமன உறுப்பினர் வராததால் அடுத்த கூட்டமும் தள்ளிப்போனது.

இப்போது முட்டுக்கட்டை எடை. துகளில் மருந்து 5 சதவீதம்தான். 20 கிராம் எலிக்குக் கிலோவுக்கு 10 மில்லிகிராம் வீதம் கொடுக்க 4 மில்லிகிராம் துகள் வேண்டும். வால் ரத்தநாளத்தில் 0.2 மில்லிதான் ஏற்றலாம். கஞ்சி மாதிரி வருகிறது. சிரிஞ்சில் இழுக்கும் முன் ஒவ்வொரு குப்பியிலிருந்தும் ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறோம். ஒரே ஒரு ஊசி தெரிந்தாலும் குப்பி குப்பைக்கு.